பட்டியலில் இல்லாத எண்

தன் மனைவி என்ன சொல்லப்போகிறாள் என்பது, அவள் சொல்வதற்கு நான்கு நொடி முன்பே தனக்குத் தெரிந்துவிடும் என்று சென்னியப்பன் கோயமுத்தூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கேட்டவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். இப்படி ஒரு புருஷன் அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அதைக் கேட்டு அவர் கொஞ்சம் வெட்கப்பட்டதும் உண்டு. பூங்கோதை என்ன நினைக்கிறாள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதற்கும் சென்னியப்பன்தான் பதில் சொல்லியிருப்பார்.

ஆறு வருடத்துக்கு முன் பூங்கோதைக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் மூன்று மாதத்தில் பழையபடி ஆயின. பேச்சு மட்டும் திரும்பவில்லை. மனசுக்குள் எல்லாம் தெளிவாக இருந்தது. வாய்க்கு வந்து சேரவில்லை. அவளைப் போன்றவர்களுக்கென்று அப்போது ஒரு கருவி வந்திருந்தது. இடது காதுக்குப் பின்னால், எலும்போடு ஒட்டி, கட்டைவிரல் நகத்தளவில் ஒரு மதர்போர்டு. அதன் மேல் ஒரு சின்ன மூடி, மூடிக்குள் பிராசஸர். மூளையில் கிளம்புகிற சொல்லைப் பிடித்து நாக்குக்கும் உதட்டுக்கும் அனுப்பி வைக்கும். குரல் அவரவர் சொந்தக் குரல்தான். மருத்துவப் பெயர் ஒரு முழ நீளம் இருந்ததால் ஜனங்கள் சுருக்கமாகச் 'சொல்லி' என்றார்கள்.

சொல்லி பேசியது. ஆனால் நிதானமாகப் பேசியது. பூங்கோதை ஒன்றை நினைத்து, அது வாயில் வந்து விழ நான்கு நொடி ஆகும். நான்கு நொடி என்பது சும்மா இருக்கும்போது ஒன்றுமே இல்லை. ஒருவர் கேள்வி கேட்டுவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அது ஒரு யுகம். அந்த யுகத்தை நிரப்பும் பொறுப்பைச் சென்னியப்பன் தானாகவே எடுத்துக்கொண்டார். ஓட்டலில் சர்வர், "அம்மாவுக்கு என்னங்க?" என்பார். இரண்டாவது நொடியில் சென்னியப்பன், "ரவா தோசை" என்பார். சர்வர் திரும்பிப் போய்க்கொண்டிருக்கும்போது பூங்கோதையின் வாயிலிருந்து "இட்லி" என்று வரும். "பசி போல. இட்லியும் சேர்த்துக் கேக்கறா" என்று சென்னியப்பன் சர்வரைக் கூப்பிட்டுச் சொல்வார்.

அப்படி இருக்கும்போதுதான் சொல்லியைச் செய்த கம்பெனி புதிய பிராசஸர் ஒன்றை வெளியிட்டது. தாமதமே இல்லை, நினைத்த கணம் பேச்சு. ஆனால் பழைய போர்டில் ஓடாது என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. போர்டை மாற்ற வேண்டுமென்றால் அறுவை சிகிச்சை. பூங்கோதை ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவள்; அவளை மறுபடி மேசையில் படுக்கவைக்க முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

சென்னியப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. காட்டூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. இளவயதில், ஆபீஸ்களில் தூக்கிப் போட நினைத்த பழைய மதர்போர்டுகளின் பர்ம்வேரை மாற்றி எழுதி, புதிய பிராசஸர்களை ஓடவைத்துப் பேர் வாங்கியவர். அந்தப் பேரை இன்னும் ஞாபகம் வைத்திருந்த ஒரே ஆள் அவரே. டாக்டர் கையை விரித்த அன்றே அவர் பேச்சுப் பயிற்சி மருத்துவமனைக்குப் போய் நசீமாவைப் பார்த்தார். சொல்லிகளைப் பரிசோதித்து, பிராசஸர் மாற்றிக் கொடுக்கும் டெக்னீஷியன் அவள்.

"ஏன்ணா, புது பிராசஸர் பழைய போர்டுல பொருந்தாதா?" என்று நசீமா கேட்டாள்.

"அச்சாப் பொருந்தும். அடியில இருக்கற கம்பிக் கால்களோட எண்ணிக்கை ஒண்ணு, மின்சாரமும் ஒண்ணு. உள்ள விடாது, அவ்வளவுதான்."

"யாருங்ணா விடமாட்டாங்க?"

"பர்ம்வேரு. மதர்போர்டு கண்ணு முழிச்சதும் மொதல்ல ஓடற சின்ன புரோகிராம். அது பிராசஸரைப் பார்த்து உன்ற நம்பர் என்னன்னு கேக்கும். நம்பர் பட்டியல்ல இருந்தா, வாங்க உட்காருங்கன்னு சொல்லும். இல்லீன்னா கதவைச் சாத்திப்போடும். கம்பெனிக்காரன் பட்டியல்ல ஒரு வரி சேர்த்திருந்தாப் போதும். சேர்க்கல."

"ஏன் சேர்க்கலையாம்?"

"சேர்த்துட்டா புது போர்டு எவன் வாங்குவான்?"

நசீமா கொஞ்சம் யோசித்தாள். "அது ஒண்ணுதான் காரணமாங்ணா? வேற ஏதாச்சும் இருக்காதா?"

"வேற என்ன இருக்கப் போகுது?" என்றார் சென்னியப்பன். இந்தக் கேள்வியைப் பிற்பாடு அவர் பலமுறை நினைத்துப் பார்க்க வேண்டி வந்தது.

அறுவை சிகிச்சையில் யாரிடமிருந்தோ கழற்றிய பழைய போர்டு ஒன்று மருத்துவமனை அலமாரியில் கிடந்தது. நசீமா அதைக் கொடுத்தாள். சென்னியப்பன் பதினோரு வாரம் அதனோடு குடும்பம் நடத்தினார். பர்ம்வேரைப் படித்து எடுத்தார். பட்டியல் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கவே நான்கு வாரம் ஆயிற்று. புதிய எண்ணைச் சேர்த்தால் போதாது, அந்தப் பிராசஸரோடு எப்படிப் பேசுவது என்ற விவரத்தையும் சேர்க்க வேண்டும். அதற்கு இடம் இல்லை. பர்ம்வேர் இருக்கும் சில்லு மிகச் சிறியது, ஓரம்வரை நிரம்பியிருந்தது. எதையாவது எடுத்தால்தான் எதையாவது வைக்க முடியும். தேடியதில், கடைசியில் புரோகிராம் வரிகளின் ஒரு தொகுதி தென்பட்டது. எந்தப் பிராசஸரும் அதைக் கூப்பிடவில்லை. ஓடவே ஓடாமல் மூலையில் கிடந்தது. "குப்பை" என்று அறிவித்து அதை அழித்தார். அந்த இடத்தில் தன் கைவண்ணத்தை எழுதினார்.

போர்டு புதிய பிராசஸரை ஏற்றுக்கொண்டது. முப்பது நாள் இரவு பகலாக ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு தடவைகூடத் தடங்கவில்லை. கடை மேசை மேல், மின்விசிறிக்கு நேர்கீழே வைத்து ஓட்டினார். மனிதத் தலைக்குள் மின்விசிறி கிடையாது என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை.

ஒரு புதன்கிழமை காலை பூங்கோதையை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். நசீமா நாற்காலியில் உட்காரவைத்து, காதுக்குப் பின்னால் மருந்து தடவி, முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, இது கம்பெனி குடுத்ததில்லை. அண்ணன் எழுதினது. உங்களுக்குச் சம்மதமாங்கா?"

ஒரு நொடி. இரண்டு நொடி.

"சம்மதந்தான். அவளுக்கு எம்மேல நம்பிக்கை ஜாஸ்தி. போடு நசீமா" என்றார் சென்னியப்பன்.

பூங்கோதை கையைத் தூக்கினாள். ஆசீர்வாதம் செய்கிறாள் என்று சென்னியப்பன் எடுத்துக்கொண்டார். நசீமா மூடியைத் திறந்து பழைய பிராசஸரை வெளியே எடுத்தபோது சரியாக நான்காவது நொடி. பூங்கோதையின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பர்ம்வேரை எழுத ஏழு நிமிடம் ஆனது. அந்த ஏழு நிமிடமும் அவள் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உணர்ச்சிவசப்பட்டிருக்கிறாள் என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புதிய பிராசஸர் உட்கார்ந்தது. மூடி மூடிக்கொண்டது. நசீமா, "அக்கா, ஏதாச்சும் பேசுங்க" என்றாள்.

"வேண்டாம்னு சொல்ல வந்தேன்" என்றாள் பூங்கோதை, உடனே.

நசீமாவின் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, மன்னிச்சிருங்க. நான் காத்திருந்திருக்கணும். எடுத்துடட்டுமா?"

"இரு கண்ணு. கொஞ்சம் யோசிக்கறேன்." அவள் யோசித்தாள். "உள்ள போனது போயிருச்சு. இருக்கட்டும். இப்ப நான் சொல்றேன், இருக்கட்டும்." பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "உங்களை நான் கேக்கலீங்க. நசீமாகிட்டச் சொன்னேன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சென்னியப்பன், தன் கண்டுபிடிப்பின் முதல் வாக்கியம் இப்படியா அமைய வேண்டும் என்று வருந்திக்கொண்டே வந்தார். அந்த வாக்கியத்தில் அவர் வருந்த வேண்டியது வேறு ஒன்று என்பது விளங்க இரண்டு வாரம் ஆயிற்று.

அந்த இரண்டு வாரமும் பூங்கோதை பேசினாள். சண்டை போடவில்லை, தகவல் கொடுத்தாள். அவளுக்கு ரவா தோசை ஆகாது. முன்கூடத்துக்கு அடித்த இளஞ்சிவப்பு அவள் தேர்ந்தெடுத்த நிறம் அல்ல. பெயின்ட் அடிக்கிறவர் நிறம் கேட்டபோது அவள் "கதவைச் சாத்துங்க, தூசி வருது" என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். பல்லடத்துச் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போக அவளுக்கு ரொம்ப ஆசை இருந்தது. "அவளுக்கு அலைச்சல் ஒத்துக்காதுன்னு நீங்களே போன்ல சொல்லிட்டீங்க. நான் வர்றேன்னு சொல்றதுக்குள்ள வெச்சுட்டீங்க." ஒவ்வொன்றையும் கேட்கும்போது சென்னியப்பன், "அட, அப்பவே சொல்லியிருக்கலாமில்ல" என்று சொல்ல வாயெடுப்பார், பாதியிலேயே விஷயம் உறைத்து வாயை மூடிக்கொள்வார். ஆறு வருடமாக நான்கு நொடி முன்பே தெரிந்துவைத்திருந்த பதில்களை ஒரு காகிதத்தில் எழுதிச் சரிபார்த்தார். நூற்றுக்குப் பதினொன்று தேறியது. கண்ணை மூடிக்கொண்டு நாணயம் சுண்டியிருந்தால் இதைவிட நன்றாகத் தேறியிருக்கும்.

இதற்குள் செய்தி பரவிவிட்டது. பழைய போர்டுக்காரர்களுக்கென்று ஒரு குழு இருந்தது; அதில் பூங்கோதையின் குரலை யாரோ பதிவிட்டார்கள். போன் வந்தவண்ணம் இருந்தது. சென்னியப்பன் தான் எழுதிய பர்ம்வேரைக் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் இத்தனை பேர் அவரைக் கும்பிட்டது கிடையாது. மொத்தம் நாற்பத்து மூன்று பேர். அதில் ஒருவர் மேட்டுப்பாளையம் ராக்கியப்பன். வாழைத்தார் மண்டியில் ஏலம் கூறுகிறவர். பக்கவாதத்துக்கு முன் அவர் மூச்சு விடாமல் கூறினால் நாலு ஊர் வியாபாரிகள் மெய்மறந்து கையைத் தூக்குவார்களாம். நான்கு நொடித் தாமதத்தோடு ஏலம் கூற முடியுமா? ஐந்து வருடமாக மண்டி ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். புதிய பிராசஸர் போட்ட மறுநாள் காலை அவர் மறுபடி ஏலம் கூறிய காட்சியைச் சென்னியப்பன் போனில் பார்த்துப் பார்த்துப் பூரித்தார். அடியில், "காட்டூர் சென்னியப்பன் அவர்களின் சாதனை" என்று யாரோ எழுதியிருந்தார்கள். யாரோ என்ன, அவரேதான் எழுதினார்.

ஐந்தாவது வாரம் நசீமா கூப்பிட்டாள்.

"அண்ணா, ராக்கியப்பன் ஐயாவுக்குக் காதுக்குப் பின்னாடி கொப்புளம். போர்டு மேல இருக்கற தோல் வெந்திருக்கு. டாக்டர் பார்த்துட்டாரு, ஆழமா இல்லை. ஆனா போர்டு சூடாகுதுங்ணா. அவரு மூணு மணி நேரம் விடாமக் கத்தறாரு இல்லீங்களா."

சென்னியப்பன் கடையில் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு முதலில் வந்த எண்ணம் 'ராக்கியப்பன் எதற்கு அவ்வளவு பேசணும்' என்பது. அடுத்து வந்தது பூங்கோதையின் காது.

வீட்டுக்கு ஓடினார். பூங்கோதை தன் சித்தி மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவர் கையை நீட்டி அவள் காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தார். கதகதவென்றிருந்தது.

"ஏம்மிணி, சுடுதா உனக்கு?"

"ரொம்பப் பேசினாச் சுடும். நானும் கொஞ்ச நாளாப் பார்க்கறேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உடனே கழட்டிருவீங்க. எங்கிட்டக் கேக்காமயே" என்றாள் பூங்கோதை.

அவர் நடந்ததைச் சொன்னார். அவள் போனை வைத்துவிட்டுக் கேட்டாள். முழுவதும் கேட்டபின், "கம்பெனியோட புது போர்டுல இந்தச் சூடு வராதுங்களா?" என்றாள்.

"புது போர்டுல வராது. சூடு ஏறினா வேகத்தைக் குறைக்கச் சொல்லி எழுதியிருப்பாங்க. பழைய பிராசஸரு சூடாகாது, அதனால பழைய போர்டுல அது தேவைப்படல."

"தேவைப்படலைன்னு நிச்சயமாத் தெரியுமா? அதுல இருந்து நீங்க எதையும் எடுக்கலையா?"

"எடுத்தேன். ஒரு குப்பைத் தொகுதி."

"குப்பைன்னு யாரு சொன்னாங்க?"

சென்னியப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். சொன்ன ஆள் வேறு யாரும் அங்கே இல்லை.

நல்லவேளை, அழிப்பதற்கு முன் எடுத்த நகல் கடையில் இருந்தது. அன்று மத்தியானம் இருவரும் கடைக்குப் போனார்கள். சென்னியப்பன் அந்தத் தொகுதியைத் திறந்து, முதல்முறையாகப் பொறுமையாகப் படித்தார். காது மடல் சிவந்துகொண்டே வந்தது.

"என்னங்க இருக்குது அதுல?"

"புது பிராசஸரோட நம்பர்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "பட்டியல், பேசற விவரம், எல்லாம் எழுதி முடிச்சு வெச்சிருக்காங்க. நான் பதினோரு வாரம் உருண்டு பொரண்டு எழுதினது, இதுல பாதிகூட இல்லை. சூட்டு அட்டவணை ஒண்ணு இருக்கு. தோல் எத்தனை டிகிரி தாங்கும், எவ்வளவு நேரம் பேசினா எப்பக் குறைக்கணும்னு புள்ளி புள்ளியா. எல்லாம் ரெடி. ஒரே ஒரு சுவிட்சை மட்டும் அணைச்சு வெச்சிருக்காங்க. அதைப் போட்டிருந்தா முடிஞ்சது."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"கதவுல சாவி இருந்தது. அதைத் தூக்கிக் கெணத்துல போட்டுட்டு, பக்கத்துச் செவுத்தை இடிச்சு உள்ள போனேன்."

பூங்கோதை சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது; கூடவே கண்ணில் நீரும். நாற்பத்து மூன்று தலைகளில் அவர் இடித்த சுவர் இருந்தது. அதில் ஒன்று வெந்திருந்தது.

தொகுதியின் கடைசி வரி எந்த வேலையும் செய்யாத வரி. எழுதியவர்கள் தங்களுக்காக விட்டுவைக்கும் குறிப்பு. ஆங்கில எழுத்தில் தமிழ்: 'எழுதியது நான். அணைத்தது நான் இல்லை. சுகிர்தா, ஓசூர்.'

"இவங்களைக் கண்டுபிடிக்கலாம். அது அப்பறம்" என்றாள் பூங்கோதை. "மொதல்ல நாப்பத்தி மூணு பேருக்கும் சொல்லணும்."

சென்னியப்பன் போனை எடுத்தார். முதல் எண்ணைப் போட்டார். எதிர்முனையில் "அண்ணா, நல்லாயிருக்கீங்களா! தெய்வமே!" என்றது ஒரு குரல். அவர் வாயைத் திறந்தார். ஒரு நொடி, இரண்டு, மூன்று, நான்கு. பேச்சு வரவில்லை. அவருக்குச் சொல்லி எதுவும் கிடையாது, இருந்தும் வரவில்லை. பூங்கோதை போனை வாங்கினாள்.

"நான் பூங்கோதை பேசறேனுங்க. எங்க வீட்டுக்காரர் போட்டதுல ஒரு தப்பு இருக்குது. சூடாகுது. அதிகமாப் பேசாதீங்க, காதுக்குப் பின்னாடி தொட்டுப் பாருங்க. ஆமாங்க, அவரோட தப்புதான். பக்கத்துலதான் இருக்காரு. தலையைக் குனிஞ்சிட்டு இருக்காரு."

மூன்று நாள் அவளே எல்லோரிடமும் பேசினாள். பத்து நிமிடம் பேசுவாள், பிறகு போனைச் சென்னியப்பனிடம் கொடுத்து, காதுக்குப் பின்னால் ஈரத்துணி வைத்துக்கொள்வாள். அந்த நேரத்தில் அவர் திக்கித் திணறி ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டு முடிப்பார். சிலர் திட்டினார்கள். அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மிகவும் மரியாதையான தமிழில், நிறுத்தாமல், கால் மணி நேரம் திட்டினார். "போதுங்க ஐயா, உங்களுக்குச் சூடாயிரும்" என்று சென்னியப்பன் கெஞ்ச வேண்டியதாயிற்று.

ராக்கியப்பன் மட்டும் போனை எடுக்கவில்லை. மேட்டுப்பாளையம் மண்டிக்கே போனார்கள். தார்கள் மலைபோல் குவிந்திருக்க, காதுக்குப் பின்னால் வெள்ளைக் கட்டோடு அவர் ஏலம் கூறிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு இறங்கி வந்தார்.

"கழட்டறதுக்கு வந்திருக்கீங்களா? அப்படின்னா அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுப் போயிருங்க" என்றார்.

"ஐயா, தோலு வெந்திருக்குங்க. இன்னும் ஆழமாப் போச்சுன்னா..." சென்னியப்பன் தொடங்கினார்.

"அஞ்சு வருசம் அந்த ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தேன். ஒரு பய எங்கிட்ட வெலை கேக்கல. நான் பதில் சொல்றதுக்குள்ள அடுத்தவன்கிட்டப் போயிருவான். ஒரு கொப்புளத்துக்குப் பயந்து மறுபடி அந்த ஸ்டூல்ல உட்காரச் சொல்றீங்களா? நீங்கதான குடுத்தீங்க? குடுத்துட்டுப் புடுங்கறது என்ன நியாயம்?"

முன்பென்றால் இரண்டாவது நொடியில் சென்னியப்பனிடம் ஒரு பதில் தயாராக இருந்திருக்கும். பூங்கோதை, தார் ஒன்றின் பக்கத்தில் கிடந்த கோணிமேல் உட்கார்ந்தாள்.

"உங்களைக் கழட்டச் சொல்ல வரலீங்கண்ணா. எனக்கும் இதே சூடுதான். நானும் கழட்ட மாட்டேன். இன்னொரு வழி இருக்குது. சூடு ஏறினாத் தானா வேகம் கொறையும். விடாம இருபத்தஞ்சு நிமிசம் பேசலாம். அப்பறம் ஒரு பத்து நிமிசம் பழையபடி நாலு நொடி. சூடு எறங்கினதும் திரும்ப வேகம். இது வேணுமா வேண்டாமான்னு நீங்க சொல்லுங்க. சொல்றவரைக்கும் உங்க தலையை யாரும் தொட மாட்டாங்க."

ராக்கியப்பன் அவளைப் பார்த்தார், பிறகு சென்னியப்பனைப் பார்த்தார். "இவரு எழுதினதா?"

"இல்லீங்க. வேற ஒரு அம்மா எழுதினது. இவரு அழிச்சது."

ராக்கியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பச் சரி. போடச் சொல்லுங்க. பத்து நிமிசம் டீ குடிச்சுக்கறேன்."

முப்பத்தொன்பது பேர் சரியான பர்ம்வேரைப் போட்டுக்கொள்ள வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் நசீமா சம்மதமா என்று கேட்டுவிட்டு, எவ்வளவு நேரம் ஆனாலும் அவர்களே சொல்லும்வரை கைகட்டி நின்றாள். மற்ற நால்வர், இனி சென்னியப்பன் சம்பந்தப்பட்ட எதுவும் தங்கள் தலைப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லிப் பழைய பிராசஸருக்கே திரும்பிவிட்டார்கள். அதில் அவருக்கு வருத்தம்தான். ஆனால் அவர்கள் இடத்தில் தான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று ஒப்புக்கொண்டார்.

சுகிர்தாவைக் கண்டுபிடிக்க மேலும் ஒரு மாதம் ஆயிற்று. பழைய கம்பெனி ஊழியர் ஒருவர் மூலம் எண் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடித்த கையோடு, பூங்கோதை போனை மேசைமேல் வைத்து இருவருக்கும் கேட்கும்படி கூப்பிட்டாள். சென்னியப்பன் மன்னிப்புக் கேட்பதற்கு அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தார்.

"வணக்கங்க. கோயமுத்தூர்ல இருந்து பேசறோம். அந்தப் பர்ம்வேர்த் தொகுதி எழுதின சுகிர்தா நீங்கதானுங்களா?"

பதில் இல்லை. லைன் கட் ஆகிவிட்டதோ என்று சென்னியப்பன் போனை நோக்கிக் கையை நீட்டினார். அப்போது அதிலிருந்து, "ஆமா" என்று வந்தது.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த இடைவெளியை அந்த வீட்டில் யாரும் அளந்து பார்க்கத் தேவையில்லை.

"உங்களுக்கும் சொல்லியா, அம்மிணி?" என்றாள் பூங்கோதை மெதுவாக.

"ஆமா. பழைய போர்டு. விபத்துக்கு அப்புறம் வெச்சது."

சுகிர்தா மெதுவாக, விட்டு விட்டு, எல்லாம் சொன்னாள். அவள் அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். புதிய பிராசஸர் வடிவமைப்பில் இருந்தபோதே, பழைய போர்டுக்காரர்களுக்காக அந்தத் தொகுதியை எழுதினாள். தோல் எவ்வளவு சூடு தாங்கும் என்பதைத் தன் காதுக்குப் பின்னாலேயே வைத்து அளந்தாள். எல்லாம் முடிந்தபின், பழைய போர்டுக்கு ஆதரவு வேண்டாம் என்று மேலே முடிவெடுத்தார்கள். சுவிட்சை அணைத்தே, வழக்கமான பர்ம்வேர்ப் புதுப்பிப்போடு அதைப் பழைய போர்டுகளுக்கெல்லாம் அனுப்பினார்கள். அவள் வேலையை விட்டாள். விடும்போது, அந்த நிரலைத் தன் வாழ்நாளில் எந்த வடிவத்திலும் தொடுவதில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

"நீங்க அதைத் திறந்துட்டீங்கன்னு குழுவுல படிச்சேன்" என்றாள். "நாற்பது பேர் பேசறாங்கன்னு படிச்சேன். ரொம்ப நேரம் அழுதேன்."

சென்னியப்பன் தன் அரைப் பக்கத்தை எடுத்தார். முதலில் அதை அழித்தவன் நான்தான் என்று தொடங்கும் பக்கம். அதைப் படிக்குமுன் சுகிர்தாவே மறுபடி பேசினாள்.

"ஒரு உதவி கேக்கலாமா? என் தலையில இருக்கற போர்டுலயும் அது இருக்கு. அணைஞ்சுதான் இருக்கு. நான் எழுதினதை நானே திறந்துக்கக் கூடாது, கையெழுத்துப் போட்டிருக்கேன். உங்ககிட்ட அப்படி ஒண்ணும் கையெழுத்து வாங்கலையே. ஓசூர் வரைக்கும் வந்து, அந்த ஒரு சுவிட்சை மட்டும் போட்டுவிடுவீங்களா?"

சனிக்கிழமை காலைப் பேருந்தில் மூவரும் கிளம்பினார்கள். நசீமா தன் கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். பூங்கோதை ஜன்னலோரம். அவினாசி தாண்டியதும் பக்கத்து இருக்கைக்காரர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "நீங்க என்ன வேலை பண்றீங்க?" என்று சென்னியப்பனைக் கேட்டார்.

சென்னியப்பன் உடனே சொல்லவில்லை. யோசித்தார்.

"தபால்காரன் மாதிரின்னு வெச்சுக்குங்களேன்" என்றார். "ஓசூர்ல ஒரு அம்மா ரொம்ப நாளைக்கு முன்னாடி ஒண்ணு எழுதியிருக்காங்க. அதை அவங்ககிட்டயே கொண்டுபோய்ச் சேர்க்கறோம்."